சோதனைக்குக் கொடுத்த தண்ணீர், காற்று, உணவு: சில அனுபவங்கள்

வேளச்சேரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்:

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள் உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்.ஓ. இயந்திரம் விற்க வந்த இளைஞர் ஒருவர் இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கேட்டு வாங்கி, ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் தாம் கொண்டுவந்திருந்த ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றினார். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தார். சற்று நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகிக் கறுத்து, மேலே நுரை கட்டியது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அன்றே முன்பணம் கொடுக்க முன்வந்தார்கள். பொருளாளர் மட்டும், ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம் என்று தடுத்தார்.

மாதிரி எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காவலாளியிடமிருந்த காலிக் குளிர்பான பாட்டிலைக் கழுவி, மாடித் தொட்டிக் குழாயில் சனிக்கிழமை மாலை தண்ணீர் பிடித்து, கார் டிக்கியில் வைத்து, திங்கட்கிழமை கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் அலுவலர் எந்த நீர், எப்போது எடுத்தது, எதில் எடுத்தது என்று மூன்று கேள்விகள் கேட்டார். எங்கள் மாடித் தொட்டியில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்தே இருக்கும் என்று சொன்னதும் பாட்டிலை என் பக்கமாகத் திருப்பி நகர்த்தினார். “சோதித்தால் ஓர் எண் கட்டாயம் வரும், சார். ஆனால் அது எந்தத் தண்ணீருடைய எண் என்பது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது” என்றார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பகுப்பாய்வாளர்:

ஐயா, தங்கள் டம்ளரில் கறுத்தது தண்ணீரிலிருந்த அழுக்கன்று, அந்தக் கருவியின் இரும்புக் கம்பியே. உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் இரும்பு அரித்துக் கரைந்து ஹைட்ராக்சைடாகத் திரள்கிறது, ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரமே சரியாகப் பாய்வதில்லை. அடுத்த முறை அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் கறுக்கும்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவர் தங்களுக்கு நன்மையே செய்திருக்கிறார். நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. எங்கள் பகுதி நீரில் குரோமியம் என்ற உலோகம் கலந்த சிக்கலைப் பலரும் அறிவார்கள். அது இரண்டு வேதி வடிவங்களில் இருக்கும். தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். குரோமேட் உப்புத் தயாரிப்பின் கழிவிலிருந்து கசிவது அறுவிணைதிறன் குரோமியம். நச்சுத்தன்மையில் இரண்டாவதே கொடியது, தண்ணீருக்கு மஞ்சள் நிறம் தருவதும் அதுவே. கண்ணுக்கே மஞ்சள் தெரிந்த ஒரு கிணற்றிலிருந்து நான் ஒரே கேனில் மாதிரி எடுத்தேன். உலோகங்கள் கேனின் சுவரில் ஒட்டாமலிருக்க நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும் என்று படித்திருந்ததால் கவனமாகச் சேர்த்தேன். மொத்தக் குரோமியம் மிக அதிகமாக வந்தது. ஆனால் அறுவிணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதா நிறம் தரும் டைஃபினைல் கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்தபோது நிறமே வரவில்லை. ஆபத்தான வகை இல்லை என்று எழுதிக் கையெழுத்திடும் நிலையில் இருந்தேன்.

மேலாளர் பேரேட்டைப் பார்த்துவிட்டு, “அமிலம் போட்ட கேனிலேயா இதைச் செய்தாய்?” என்று கேட்டார். அந்தக் கிணற்று நீரில் கரிமப் பொருள்களும் இருந்தன. அமிலச் சூழலில் அவை அறுவிணைதிறன் குரோமியத்தை மூவிணைதிறனாகக் குறைத்துவிட்டிருந்தன. மறுநாள் அமிலம் சேர்க்காத தனி பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, அன்று மாலையே செய்தபோது சோதனைக் குழாயில் நாவற்பழச் சாறுபோல ஊதா நிறம் ஏறியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நாங்கள் கண்டதோ தூய நீர் சேர்த்து நீர்க்கச் செய்யாமல் அளக்கவே முடியாத அளவு. முதல் நாள் கையெழுத்திட்டிருந்தால் அந்தக் கிணற்றைச் சுற்றியிருந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்பே போர் தண்ணீரைப் புதிய பிளாஸ்டிக் கேனில், அதே நீரால் மூன்று முறை அலசிய பிறகு, காற்று நிற்காதபடி கழுத்துவரை நிரப்புங்கள். கடினமான நீரை நாள்கணக்கில் வைத்திருந்தால் கால்சியம் கார்பனேட் அடியில் படிந்து கடினத்தன்மை குறைத்துக் காட்டக்கூடும். லாரித் தண்ணீரை வேறு கேனில் எடுங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வுக்கூடமே தொற்றுநீக்கித் தரும். அதன் மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. எல்லாவற்றையும் ஐஸ் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

மணலி, காற்று மாதிரி எடுக்கும் கள உதவியாளராக இருந்தவர்:

காற்றிலும் இதே கதைதான், ஆனால் பிழை கண்ணுக்கே தெரியாது. நாங்கள் மொட்டை மாடியில் வைக்கும் கருவி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.1 கன மீட்டர் காற்றை இழுத்துக் கண்ணாடி இழை வடிதாளின் வழியே விடும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள், நாளுக்கு மூன்று. ஒரு தாளின் வழியே போவது சுமார் 528 கன மீட்டர் காற்று. பி.எம். 10 நுண்துகளின் (10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான தூசு) 24 மணி நேர வரம்பான கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவுக்குக் காற்று மாசுபட்டிருந்தாலும் தாளின் எடை ஏறக்குறைய 53 மில்லிகிராம்தான் கூடும். சென்னையின் ஈரப்பதத்தில் தாளை டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய கலம்) முழுநாள் வைக்காமல் அவசரமாக எடைபோட்டு 10 மில்லிகிராம் ஈரம் சேர்ந்துவிட்டால், காற்றில் இல்லாத தூசு கன மீட்டருக்கு 19 மைக்ரோகிராம் அறிக்கையில் ஏறிவிடும்.

ஒரு போகியன்று விடியற்காலை தாள் மாற்றப் போனேன். வெள்ளைத் தாள் அடுப்புக்கரி தடவியதுபோல இருந்தது. ஊரே புகைந்த நாள் என்பது உண்மைதான் என்றாலும், எட்டிப் பார்த்தபோது கருவிக்கு நேர் கீழே சிறுவர்கள் பழைய டயரை எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாள் நகரத்தின் காற்றைச் சொல்கிறதா, அந்த ஒரு டயரைச் சொல்கிறதா? எடையை அப்படியே பதிந்து, குறிப்புக் கட்டத்தில் டயரையும் எழுதினேன். குறிப்புக் கட்டம் வெற்றாக இருக்கும் அறிக்கைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

திருவொற்றியூர், இல்லத்தரசி:

2018இல் சென்னை மீன்களில் கெடாமலிருக்க ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) கலப்பதாகச் செய்தி பரவியபோது என் கணவர் சோதனைத் தாள் வாங்கிவந்தார். தும்பிலி மீனில் தேய்த்து மருந்துச் சொட்டு விட்டதும் தாளில் லேசாக நிறம் மாறியது. ஒரு கிலோ மீனையும் கொட்டிவிட்டு, பழக்கமான மீன்காரம்மாவிடம் சண்டையும் போட்டுவிட்டேன். மீன் செத்த பிறகு அதன் உடலிலேயே சிறிதளவு ஃபார்மால்டிஹைடு உருவாகும் என்பதையும், தும்பிலியில் அது கூடுதல் என்பதையும் பின்னர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் உறவினர் சொல்லித்தான் அறிந்தேன். நிறம் வந்ததா என்பதோடு நிறுத்தாமல், அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாரம் ஆயிற்று.

கடலூர், வேதியியல் ஆசிரியர்:

2024 பிப்ரவரியில் உணவில் அனுமதிக்கப்படாத ரோடமின்-பி சாயம் கண்டறியப்பட்டுப் பஞ்சு மிட்டாய் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டபோது, ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கை மாணவர் ஒருவர் கொண்டுவந்தார். மிட்டாய்க் கரைசல் வைத்த வடிதாள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்ததும் வகுப்பே கைதட்டியது. உணவில் அனுமதிக்கப்பட்ட எரித்ரோசின் என்ற சாயமும் ஓரளவு ஒளிரக்கூடியது என்பதால், ரோடமின் கரைசலையும் எரித்ரோசின் கரைசலையும் அருகருகே புள்ளிவைத்துத் தாள் நிறப்பிரிகை (தாளில் நீர்மம் ஏறும்போது சாயங்கள் வெவ்வேறு உயரத்துக்குப் பிரியும் முறை) செய்துகாட்டினேன். மிட்டாயின் புள்ளி எந்தப் புள்ளியோடு சமமாக ஏறுகிறது என்று பார்த்தே முடிவு சொன்னோம். அதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கைதட்டல் அப்போது இல்லை.

வேளச்சேரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்:

அனைவருக்கும் நன்றி. போர், லாரி, தொட்டி நீர் என மூன்று கேன்களாகப் பிரித்துக் கொடுத்து, முடிவுகளும் வந்துவிட்டன. போர் நீரின் கடினத்தன்மை, மாற்று நீராதாரம் இல்லாதபோது மட்டும் அனுமதிக்கப்படும் லிட்டருக்கு 600 மில்லிகிராமையும் தாண்டியிருக்கிறது. நைட்ரேட்டுக்கு 45 வரை மட்டுமே இடம், எங்களுடையது 68. லாரித் தண்ணீர் வரம்புக்குள் இருக்கிறது. கோலிஃபார்ம் கிருமி தொட்டி நீரில் மட்டுமே இருந்தது; மேலே ஏறிப் பார்த்தபோது மூடி ஒரு பக்கம் உடைந்து, உள்ளே புறா இறகுகள் மிதந்தன. நைட்ரேட்டைப் பொறுத்தவரை போருக்கு அருகிலுள்ள பழைய செப்டிக் டேங்கின் மீது ஐயம் இருக்கிறது.

அந்த இளைஞர் மீண்டும் வந்தார். பொருளாளர் உப்பு டப்பாவோடு எதிரில் உட்கார்ந்ததும் கருவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, விலையில் தள்ளுபடி பற்றி மட்டும் பேசினார். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீருக்குத் தனித் தொட்டி வைப்பதென்று கூட்டத்தில் முடிவாயிற்று. செப்டிக் டேங்கைச் சுத்தம்செய்து, மழைக்காலம் முடிந்ததும் போர் நீரை மறுபடியும் கொடுக்கப் போகிறோம்.