டேங்க் காலி, ஆனா தண்ணி இறங்கல: ட்ரெய்ன் ஃபீல்டு பற்றி ஒரு குடும்பக் குழு உரையாடல்

சரவணன் (காலை 7:12)
எல்லாருக்கும் வணக்கம். பின்பக்கம் ட்ரெய்ன் ஃபீல்டு (டேங்க்ல இருந்து வர்ற தண்ணியை மண்ணுல இறக்குற ஜல்லிப் பள்ளங்கள்) மேல மண்ணு சொதசொதன்னு கிடக்கு, நாத்தமும் வருது. பாத்ரூம்ல தண்ணி மெதுவாத்தான் இறங்குது. லாரி வச்சு செப்டிக் டேங்க்கைக் காலி பண்ணியாச்சு. அஞ்சு நாள் நல்லா இருந்துச்சு, மறுபடி அதேதான். திரும்ப லாரி கூப்பிடவா?

கதிரேசன் (7:20)
டேங்க் எத்தனை லிட்டர் சரவணா? வீட்ல எத்தனை பேர்?

சரவணன் (7:21)
3000 லிட்டர், ரெண்டு அறை. அஞ்சு பேர் மாமா.

கதிரேசன் (7:26)
அப்ப கணக்கு அப்படியே வருது. ஆளுக்கு 120 லிட்டர்னா ஒரு நாளைக்கு 600. காலி டேங்க் நிரம்ப அஞ்சு நாள். அந்த அஞ்சு நாளும் ஃபீல்டுக்கு ஒரு சொட்டு கூடப் போயிருக்காது. லாரி வந்ததும் சரியானமாதிரி தெரிஞ்சதுக்குக் காரணம் அதுதான். பழுது டேங்க்ல இல்ல, பள்ளத்து மண்ணுல இருக்கு. லாரி வேண்டாம்.

பிரியா (7:31)
தம்பி, முதல்ல ஒண்ணு. ஈரமா இருக்கிற இடத்தைச் சுத்தி கயிறு கட்டு. பிள்ளைங்க, நாய், யாரும் மிதிக்கக் கூடாது. அது வெறும் தண்ணி இல்ல, கிருமி முழுசா இருக்கிற கழிவு. கிணறு பக்கத்துல இருந்தா கோலிஃபார்மும் (கழிவு கலந்ததைக் காட்டுற கிருமி) நைட்ரேட்டும் பரிசோதிக்கக் கொடு, ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

சரவணன் (7:33)
சரிக்கா. கட்டிடுறேன்.

வசந்தா (7:48)
சரவணா, டேங்க் ரெண்டாவது அறை மூடியைத் திறந்து தண்ணி மட்டத்தை மட்டும் பாரு. மட்டம் வெளியேறும் குழாயோட அடிவிளிம்புல நின்னா சரியான மட்டம். குழாய் முழுகி அதுக்கு மேல நின்னா ஒண்ணு வாயில இருக்கிற ஃபில்டர் அடைச்சிருக்கு, இல்லன்னா ஃபீல்டு வாங்காம திருப்பித் தள்ளுது. குழாய்க்குக் கீழ இருந்தா டேங்க்ல ஓட்டை.

பிரியா (7:50)
மூடியைத் திறக்கறப்ப தனியா போகாதே. தலையை உள்ள விடாதே, இறங்கவே இறங்காதே, எது விழுந்தாலும் விட்டுடு. உள்ள ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அளவு கூடினா மூக்கே மரத்துப் போய் வாடை தெரியாது, அதனால "நாத்தம் இல்லையே"ன்னு நம்பக் கூடாது. மீத்தேனும் இருக்கும், பீடி, லைட்டர் எதுவும் பக்கத்துல வேண்டாம். பாத்து முடிச்சதும் மூடியை உடனே மூடு.

சரவணன் (8:25)
பாத்தாச்சு. தண்ணி குழாயோட அடிவிளிம்பைத் தாண்டி மேல நிக்குது. ஃபில்டர் எதுவும் கிடையாது, வெறும் டி குழாய்தான்.

கதிரேசன் (8:34)
ஃபில்டர் இல்லாததே பாதிக் காரணம். கசடும் மேல மிதக்கிற ஏடும் கொஞ்சம் கொஞ்சமா பள்ளத்துக்குப் போயிருக்கு. இப்ப பிரிப்புப் பெட்டியை, அதான் தண்ணியைப் பள்ளங்களுக்குப் பிரிச்சு விடற பெட்டியை, தோண்டித் திற. எத்தனை பள்ளம், என்ன நீளம்?

சரவணன் (8:36)
மூணு பள்ளம். ஒவ்வொண்ணும் 10 மீட்டர், அகலம் 2 அடி. பெட்டியைத் திறந்துட்டுச் சொல்றேன்.

வசந்தா (9:02)
அவன் திறக்கறதுக்குள்ள, மண்ணுல என்ன நடக்குதுன்னு சொல்லிடுறேன், மத்தவங்களுக்கும் உதவும்.

டேங்க்ல இருந்து வர்ற தண்ணியில கரைஞ்ச அழுக்கு இருக்கும், ஆக்சிஜன் இருக்காது. ஜல்லியும் மண்ணும் சேர்ற இடத்துல அந்த அழுக்கைத் தின்ன பாக்டீரியா கூடும். அது வழவழன்னு ஒரு படலம் கட்டும், பயோமேட்னு சொல்றது இதைத்தான். மெல்லிசா இருந்தா நல்லது, கிருமியை வடிகட்டித்தான் கீழே விடும். மண்ணு காத்து வாங்கிட்டிருந்தா காத்துல வாழ்ற பாக்டீரியா அதைத் தின்னு அளவா வச்சிருக்கும். தண்ணி அதிகமாகி பள்ளம் ராப்பகலா நிரம்பியே இருந்தா காத்து போக வழியில்ல. படலம் தடிச்சு அடைக்கும், தண்ணி இன்னும் தேங்கும், காத்து இன்னும் குறையும். முதல்ல பள்ளத்தோட அடி, அப்புறம் பக்கச் சுவர், கடைசியில மேல ஊறி வரும்.

ஜல்லியைக் கொஞ்சம் நோண்டிப் பாத்தா தெரியும். கன்னங்கரேல்னு, கையில ஒட்டுற மாதிரி (கையுறை போட்டுக்கோ), அழுகின முட்டை வாடை. அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. ஒரு கல்லை வெளிய எடுத்துக் காத்துல வச்சா கறுப்பு மெல்லப் பழுப்பாகும். மண்ணுக்கு உள்ளேயும் அதே மாற்றத்தைத்தான் நாம கொண்டு வரணும். மண்ணு செத்துப் போகல, மூச்சு முட்டிக் கிடக்கு.

சரவணன் (10:15)
பெட்டி திறந்தாச்சு. ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. முதல் பள்ளத்துக் குழாய் வழியாத்தான் எல்லாமே போகுது. மூணாவது பள்ளத்து வாய் காய்ஞ்சு கிடக்கு, சிலந்தி வலையே இருக்கு!

கதிரேசன் (10:24)
நல்ல சேதி. மூணு பள்ளமும் 18 சதுர மீட்டர், நீ பயன்படுத்தினது பெரும்பாலும் 6. அங்க 600 லிட்டர் போனா சதுர மீட்டருக்கு 100. எந்த மண்ணும் வருஷக்கணக்கா அதைத் தாங்காது.

பெட்டியைச் சுத்தி மண்ணை எடுத்து, அடியில ஜல்லி போட்டுக் கெட்டிச்சு, டியூப் லெவல் வச்சு மட்டம் பண்ணு. அதுக்கு மேல ஒவ்வொரு குழாய் வாயிலும் சுத்தற லெவலர் மூடி மாட்டு. மையத்துல இல்லாம ஓரமா துளை இருக்கிற மூடி. திருப்பினா துளை ஏறும், இறங்கும். பெட்டியில தண்ணி ஊத்தி எல்லாத் துளையிலயும் ஒரே நேரத்துல வழியற வரைக்கும் திருப்பு. பெட்டி பிறகு கொஞ்சம் இறங்கினாலும் இடிக்காம சரி பண்ணிக்கலாம்.

முதல் பள்ளத்துக்குப் போற குழாய் வாயை மட்டும் இப்ப முழுசா மூடிடு. அது ஓய்வெடுக்கட்டும்.

சரவணன் (10:27)
கடைக்காரர் ஒரு பாக்டீரியா பவுடர் சொல்றார். இன்னொருத்தர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தச் சொல்றார். ஆசிட் ஊத்தினா அடைப்பு எரிஞ்சிடுமாமே?

வசந்தா (10:41)
மூணும் வேண்டாம் கண்ணு. பெராக்சைடு படலத்தை எரிக்கும், உண்மைதான். கூடவே மண்ணுத் துகள்களைக் கட்டி வச்சிருக்கிற அமைப்பையும் உடைக்கும். களி கலந்த மண்ணுல அதுக்கப்புறம் தண்ணி இறங்கறது முன்ன விடக் குறையும், அதைத் திருப்ப முடியாது. ஆசிட் கான்கிரீட்டைத் தின்னும், நிலத்தடி நீர்ல கலக்கும். பவுடர் விஷயத்துல, வேண்டிய பாக்டீரியா நம்ம கழிவுலயே கோடிக்கணக்குல வருது. ஆளுக்குப் பஞ்சமில்ல, ஆக்சிஜனுக்குத்தான் பஞ்சம். சில என்சைம் பொருள் டேங்க்ல மிதக்கிற கொழுப்பைக் கலைச்சு விடும், அது நேரா பள்ளத்துக்குப் போய் அடைக்கும்.

பிரியா (10:44)
குழாயை ஜெட் அடிச்சா?

கதிரேசன் (10:49)
குழாய்க்குள்ள வேரோ கசடோ இருந்தா ஜெட் உதவும் பிரியா. படலம் இருக்கிறது குழாய்ல இல்ல, ஜல்லிக்கு அந்தப் பக்கம் மண்ணு முகத்துல. ஜெட் அங்க எட்டாது. வேகம் கூடினா ஜல்லியில இருக்கிற கசடை இன்னும் உள்ள தள்ளும். இங்க பெட்டி சாஞ்சதுதான் காரணம்னு தெரிஞ்சாச்சு, ஜெட் தேவையில்ல.

சரவணன் (10:52)
அப்ப ஓய்வு மட்டும் போதுமா? எவ்வளவு நாள்?

கதிரேசன் (11:10)
ஓய்வுதான் அடிப்படை மருந்து. ஆனா தேங்கின தண்ணியோட விட்டா மாசக்கணக்குல இழுக்கும். பள்ளத்துக் கடைசியில சோதனைக் குழாய் இருக்கா? இல்லன்னா 4 இன்ச் பிவிசி குழாய், அடிப்பக்கம் துளை போட்டு, ஜல்லியோட அடி வரைக்கும் நிறுத்து. மேல மூடி. அதுக்குள்ள ஒரு குச்சி விட்டா தேங்கின உயரம் தெரியும். அந்தக் குழாய் வழியாவே தேங்கினதைக் கழிவு லாரியை வச்சு உறிஞ்சி எடு. தோட்டத்துலயோ சாக்கடையிலயோ விடாதே. எடுத்த பிறகு மூடிக்குப் பதிலா வலை கட்டின காத்துக் குழாய் வை, உள்ள காத்து போகணும்.

கணக்கா ஆறு மாசம் வை. படலம் ரொம்பத் தடிப்பா இருந்தா ஒரு வருஷம் கூட ஆகும்.

பிரியா (11:14)
மாமா, அதுவரைக்கும் 600 லிட்டரும் ரெண்டு பள்ளத்துக்கா? 12 சதுர மீட்டர்தானே.

கதிரேசன் (11:22)
சரியான கேள்வி. சதுர மீட்டருக்கு 50 ஆகிடும், அது மணலுக்குத்தான் ஆகும். தண்ணியைக் குறைச்சே ஆகணும். 360க்கு வந்தா 30. படலம் கட்டாத மண்ணு கொஞ்ச காலம் அதைத் தாங்கும்.

சரவணா, முதல்ல ஃப்ளஷ் டேங்க். உணவுக் கலர் நாலு சொட்டு மேல் தொட்டியில விடு, 20 நிமிஷம் ஃப்ளஷ் பண்ணாம இரு. கோப்பையில கலர் வந்தா வாஷர் கசியுது. சத்தமில்லாம ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான லிட்டர் போக இது ஒண்ணே போதும். துணி ஒரே நாள்ல நாலு லோடு போடாம, நாளைக்கு ஒண்ணு. மொட்டைமாடி மழைத்தண்ணி ஃபீல்டு பக்கம் வருதான்னு பாரு, வந்தா மேட்டுப் பக்கத்துல ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பு.

சரவணன் (11:58)
கலர் வந்துடுச்சு மாமா. கீழ் பாத்ரூம் கோப்பையில.

கதிரேசன் (12:01)
இன்னிக்கே வாஷர் மாத்து. 600னு நாம போட்ட கணக்கே குறைச்சல்னு அர்த்தம்.

வசந்தா (12:20)
அண்ணே, காத்து பம்ப்பும் சொல்லிடுங்க. ரெண்டு அறை டேங்க்தானே, போடலாம்.

கதிரேசன் (12:38)
ஆமா வசந்தா. நிமிஷத்துக்கு 60 முதல் 80 லிட்டர் காத்து தர்ற டயஃப்ரம் ஏர் பம்ப். டிஃப்யூசரை (காத்தைக் குமிழியா விடற முனை) *ரெண்டாவது* அறையில, அடியில இருந்து ஓரடி மேல தொங்கவிடு. முதல் அறையில போட்டா கசடு முழுக்கக் கலங்கி பள்ளத்துக்குப் போகும். ஒரே அறை டேங்க்ல இந்த வேலையே கூடாது. வெளியேறும் டி-யில 1.6 மில்லிமீட்டர் ஃபில்டர் கட்டாயம், முதல் மாசம் வாரா வாரம் எடுத்து, கழுவற தண்ணி முதல் அறைக்குள்ளயே விழற மாதிரி கழுவு. காத்துக் குழாய்ல நான்-ரிட்டர்ன் வால்வு போடு, பம்ப்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வை, இல்லன்னா கரண்ட் போனதும் தண்ணி பம்ப்புக்குள்ள ஏறும். 24 மணி நேரமும் ஓடணும்.

சாதாரணமா டேங்க் தண்ணியில பிஓடி (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 150, 200 மில்லிகிராம் இருக்கும். காத்தோட்டம் நல்லா நடந்தா 30 பக்கம் வரும். பள்ளத்துக்குச் சாப்பாடு குறையுது, ஆக்சிஜன் கூடுது, படலம் தானாக் கரையும்.

சரவணன் (12:45)
ஆறு மாசம் கழிச்சு இந்த மூணு பள்ளமே போதுமா?

வசந்தா (1:05)
அது மண்ணைப் பொறுத்தது. பள்ளத்து அடி ஆழத்துல இருந்து ஒரு பிடி மண்ணு எடு. கல்லைப் பொறுக்கிட்டு, பிசையற பதத்துக்குத் தண்ணி விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நாடா மாதிரி தள்ளு. ஒரு இன்ச்சுக்குள்ள உடைஞ்சா வண்டல், ரெண்டு வரைக்கும் போனா களி கலந்தது, ரெண்டுக்கும் மேல நீண்டா களிமண்ணு. நாடாவே வராம உதிர்ந்தா மணல். மணலுக்குச் சதுர மீட்டருக்கு நாளைக்கு 50 லிட்டர் வரை, வண்டலுக்கு 20, களிக்கு 8 போல.

சரவணன் (1:31)
முக்கால் இன்ச்சுல உடையுது சித்தி.

வசந்தா (1:36)
அப்ப 20. உன்னோட 18 சதுர மீட்டருக்கு 360 லிட்டர்தான் ஆகும். அஞ்சு பேர் 600 விடணும்னா 30 சதுர மீட்டர் வேணும். அதே அளவுல இன்னும் ரெண்டு பள்ளம். அஞ்சு ஆனபிறகு ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஓய்வு கொடு. நாலு ஓடும்போது 25 வரும், இடையில ஓய்வு கிடைக்கிறதால பரவாயில்ல.

கதிரேசன் (1:52)
புதுப் பள்ளத்துக்கு: பழசுல இருந்து மையத்துக்கு மையம் 6 அடி தள்ளி. ஆழம் 2 அடி போதும், ஆழமாப் போனா காத்து குறையும். அடி முழுக்க ஒரே மட்டம். கழுவின 20 முதல் 60 மில்லிமீட்டர் ஜல்லி, குழாய்க்குக் கீழ 6 இன்ச், மேல 2 இன்ச். தூசி ஜல்லி போட்டா முதல் நாளே அடைப்பு. துளை ரெண்டு வரிசையும் கீழ்ப்பக்கம் பாக்கணும். மேல ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணியை விடும், மண்ணை விடாது), அப்புறம் மண்ணு. பிளாஸ்டிக் ஷீட் போடாதே. மேல புல்லு மட்டும், மரம் வேண்டாம், வண்டி நிறுத்தக் கூடாது. பள்ளத்து அடிக்கும் நிலத்தடி நீர், பாறைக்கும் நடுவுல குறைஞ்சது 3 அடி காய்ஞ்ச மண்ணு இருக்கணும். அது இல்லன்னா தோண்டாதே, மேல மணல் மேடு கட்டற முறைக்குத்தான் போகணும். உள்ளூர் அனுமதி, கிணத்துக்கு எவ்வளவு தூரம் விடணும்ங்கிறதையும் முன்னாடியே கேட்டுக்கோ.

சரவணன் (1:55)
இந்த வாரமே ஆள் கூப்பிடட்டுமா?

வசந்தா (2:03)
இப்ப மண்ணு ஈரம். ஈரத்துல வெட்டினா மண்வெட்டி சுவரை மெழுகி விட்டுடும், துவாரம் எல்லாம் அடைஞ்சு புதுப் பள்ளமே தண்ணி வாங்காது. அந்த ஆழத்து மண்ணை, தண்ணி சேர்க்காம, உள்ளங்கையில உருட்டிப் பாரு. பென்சில் முனை அளவுக்கு மெல்லிசா கயிறு திரிஞ்சா இன்னும் ஈரம்னு அர்த்தம். உடைஞ்சு உதிர்ற வரைக்கும் காத்திரு. வெட்டி முடிச்சதும் அடியையும் பக்கத்தையும் முள்வாரியால ஒரு இன்ச் கீறிவிட்டு, அன்னிக்கே ஜல்லி போட்டுடணும், மழை விழ விடாதே.

கதிரேசன் (2:10)
அதுவரைக்கும் மூணு சோதனைக் குழாய்லயும் ஞாயித்துக்கிழமை காலையில, யாரும் குளிக்கறதுக்கு முன்னாடி, குச்சி விட்டு உயரத்தை அளந்து இங்க போடு. ரெண்டு, மூணாவது பள்ளத்துல விடியறப்பத் தண்ணி நின்னா இன்னும் குறைக்கணும்.

சரவணன் (2:12)
சரி மாமா. வாஷர் வாங்கக் கிளம்புறேன்.