மறுமொழி: சஸ்பென்ஸ் மங்காவுக்கு ‘மர்மம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவின் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில் ‘சஸ்பென்ஸ்’ என்பதற்கு ‘மர்மம்’ என்று போடலாம் என்ற யோசனைக்கும், அதையொட்டி நீங்கள் எழுதியவற்றுக்கும் (கீழே மேற்கோளாகத் தந்திருக்கிறேன்) இது என் பதில். முதலில் ஒரு சின்ன விஷயம். ‘மங்கா’ என்றே எழுதுவோம். ‘மாங்கா’ என்று போட்டால் உப்பும் மிளகாய்த்தூளும் எங்கே என்று கேட்பார்கள்.

> செய்னென் சஸ்பென்ஸ் மங்கா = வயதுவந்தோர் மர்மச் சித்திரக்கதை

‘வயதுவந்தோர்’ என்றதும் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘செய்னென்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று இளைஞரைக் குறிக்கும். நாம் பேசும் வகை அதுதான். மற்றது சட்டப்படி வயது வந்தவரைக் குறிக்கும். பாலியல் புத்தகங்களின் அட்டையில் போடுவது அதை. அவர்களுக்குக் ‘கஞ்சி’ எனும் சீன வழி எழுத்து வேறுபடுத்திக் காட்டிவிடும், நமக்கு அந்த வசதி இல்லை. ‘பெரியவர்களுக்கான’ என்று நேராகச் சொல்லிவிட்டால் போதும் என்பது என் கருத்து.

என் சண்டை ‘மர்மம்’ என்ற சொல்லோடுதான்.

நவோகி உராசாவாவின் ‘மான்ஸ்டர்’ 1994 முதல் 2001 வரை ‘பிக் காமிக் ஒரிஜினல்’ இதழில் வந்தது. மொத்தம் 18 தொகுதி. 1986இல் டுசல்டார்ஃப் நகரில் டென்மா என்ற ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர், மேயரை விட்டுவிட்டுத் தலையில் குண்டு பாய்ந்த ஒரு சிறுவனைக் காப்பாற்றுகிறார். அதனால் பதவியும் போகிறது, மருத்துவமனை இயக்குநர் மகளோடு நிச்சயமான கல்யாணமும் போகிறது. ஒன்பது ஆண்டு கழித்து அந்தச் சிறுவன், ஜோஹன், வளர்ந்து வந்து அவர் கண்ணெதிரே அவருடைய நோயாளியைச் சுட்டுக் கொல்கிறான். இவ்வளவும் கதையின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கொலைகாரன் யார் என்பது தெரிந்த பிறகும் பக்கம் பக்கமாக உட்கார வைப்பது எது? ஜோஹன் எங்கிருந்து வந்தான் என்ற மர்மம் பின்னால் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இரவு பதினொன்றுக்குத் தொடங்கிய என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுவல்ல. உயிரைக் காப்பதே தொழிலான மனிதர், தான் காப்பாற்றிய உயிரைத் தானே எடுப்பாரா என்ற கேள்விதான். நாற்பது வயதில் இதைப் படிக்கிறவருக்கு அந்த வேலை, பதவி, மேலதிகாரி எல்லாம் நன்றாகவே புரியும்.

அதே ‘மான்ஸ்டர்’ கதையில் இன்னொரு காட்சி (படிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்). குடியை விட்டுவிட்ட முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் மொட்டை மாடியில் ஜோஹனோடு நிற்கிறார். ஜோஹன் கை ஓங்குவதில்லை, பேசுகிறான். அவ்வளவுதான். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும், தடுக்கத்தான் முடியாது.

நமக்கு இது புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன்தான் என்று படிக்கிற நமக்குத் தெரிந்துவிடுகிறது. கோவலனுக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு, இருக்கச் சொன்ன இடத்தில் காத்திருக்கிறான். அங்கே என்ன மர்மம்?

> ‘திகில்’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

சிவகாசியிலிருந்து ‘திகில்’ என்ற பெயரிலேயே காமிக்ஸ் வந்ததுண்டு. அந்தச் சொல்லில் பேய் குடியேறிவிட்டது ஐயா, இனிக் கிளப்ப முடியாது. திகில் மங்கா வரையும் ஜுன்ஜி இட்டோவுக்கு அதை விட்டுக்கொடுப்போம்.

> தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் ‘நடுக்கு’ உண்டு.

உண்டு. எட்டு மெய்ப்பாட்டுக்கும் அப்பால் சொல்லும் முப்பத்திரண்டின் கடைசியில் வருகிறது. எடுத்துக்காட்டியதற்கு நன்றி அம்மா, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நடுங்குவது ஆபத்தில் இருப்பவர். நாம் தேடுவது, பத்திரமான இடத்தில் உட்கார்ந்து இன்னொருவருக்காகத் தவிப்பவரின் நிலையை. அதே பட்டியலில் இருக்கும் ‘ஐயம்’ இதற்கு ரொம்ப அமைதியான சொல்.

என் முன்மொழிவு: பதைப்பு. ‘பிள்ளை இன்னும் வீட்டுக்கு வரலையே, மனசு பதைக்குது’ என்று எந்த அம்மாவும் சொல்வதுதான். தவிப்பவர் ஓரிடம், ஆபத்து வேறிடம். ‘பதைபதைப்பு’ இன்னும் பழக்கமானது, ஆனால் கூட்டுச்சொல்லில் நீண்டுவிடும். பதைப்புக்கதை, பதைப்பு மங்கா: வாயில் நிற்கிறது. அடிபட்ட உடல் துடிப்பதையும் பதைப்பு என்பார்கள் என்று ஆட்சேபம் வரலாம். வரட்டும், குற்றக்கதைதானே.

> ஜப்பானியரே ‘சஸ்பென்ஸ்’ என்று கடன்தான் வாங்கியிருக்கிறார்கள். நாமும் அப்படியே விடலாமே?

அதே ஜப்பானில்தான் யோஷிஹிரோ தட்சுமி 1957இல் ‘கெகிகா’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். வாடகைப் புத்தகக் கடைகளுக்காக அவர் வரைந்த இறுக்கமான கதைகளை ‘மங்கா’ என்றால் குழந்தைகளின் சிரிப்புப் படம் என்று நினைத்துவிடுகிறார்களே என்ற எரிச்சல் அவருக்கு. ‘நாடகத்தன்மை உள்ள படம்’ என்பதுபோல் பொருள். பெயர் கிடைத்தது, வளர்ந்த வாசகர் கிடைத்தார்கள். 1968இல் ‘பிக் காமிக்’ இதழ் வந்தது. அதே ஆண்டு அதில் தொடங்கிய ‘கொல்கோ 13’, அதை உருவாக்கிய டகாவோ சைட்டோ 2021இல் இறந்த பிறகும் நிற்கவில்லை. கடன் வாங்குவதில் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் இந்த வகைக்கே ஒரு பெயர்ச்சண்டைதான் கால்கோள் போட்டது என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், நம் சொற்பட்டியலில் மிச்சம் இருப்பவை ‘ஹிகி’, ‘மெகுரி’. ஹிகி என்றால் இழுத்தல். அத்தியாயத்தை அந்தரத்தில் நிறுத்தி அடுத்த இதழுக்கு இழுப்பது. ‘இழுப்பு’ என்று மட்டும் வேண்டாம், ஆஸ்துமா ஆகிவிடும். ‘கொக்கி’ எனலாம். மெகுரி என்பது தாள் திருப்புதல். வலமிருந்து இடமாகப் படிப்பதால் இடப்பக்கத்தின் கீழ் இடது மூலைக் கட்டம்தான் திருப்புமுன் கடைசியாகக் கண்ணில் படுவது. கதவுப்பிடியில் ஒரு கை, அதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு ‘புரட்டுக் கட்டம்’. பக்கத்தைப் புரட்டுவதும் ஆயிற்று, வாசகரை ஏமாற்றும் புரட்டும் ஆயிற்று.

பதைப்புக்கு மறுப்பு உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால், அன்றிரவு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்