அவசர உதவி: பிள்ளைக்கு யாருக்கும் இல்லாத பெயர் வைத்தால் பிறகு சிக்கல் வருமா?

இணுவிலான்
வணக்கம். வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு 31, பிறந்த 31 ஆம் நாள் சடங்கு. பெயர் முடிவாகிவிட்டது, எனக்கும் மனுசிக்கும் நல்ல விருப்பம். ஆனால் இப்படி ஒரு பெயரை எங்கேயும் கேள்விப்படவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைதான் கஷ்டப்படும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். அரிய பெயர் வைத்தவர்கள், அப்படிப் பெயர் உள்ளவர்கள் யாராவது இருந்தால் பிற்காலத்தில் என்ன பிரச்சினை வந்தது என்று சொல்லுங்கோ. கெதியாக வேணும்.

கொக்குவில் ராணி
வாழ்த்துகள் தம்பி. சரி, என்ன பெயர்? ஆம்பிளைப் பிள்ளையா, பொம்பிளைப் பிள்ளையா? இது இரண்டும் தெரியாமல் என்ன சொல்ல?

எண்கணிதன்
பிறந்த திகதி, நட்சத்திரம், பாதம், ஆங்கிலத்தில் எழுதப்போகும் எழுத்து, நாலும் வேண்டும். பெயர் அரியதா இல்லையா என்பது பெரிய விஷயமே இல்லை. கூட்டுத்தொகை சரியாக வந்தால் எல்லாம் சரியாக வரும்.

பழைய கந்தோர்க்காரன்
பிறப்பைப் பதிந்தாயிற்றா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கோ. பதிந்திருந்தால் ஒரு பதில், பதியாவிட்டால் வேறு பதில்.

செந்தமிழ்ச்சுடர்
தம்பி, கேள்வியை ஒழுங்காகக் கேட்டால்தான் பதில் ஒழுங்காக வரும். இந்த ஒரு மாதத்தில் பெயர் கேட்டு வந்த நாலாவது ஆள் நீங்கள். போன மூவருக்கும் சொன்னதையே சொல்கிறேன்: ஜ, ஷ இல்லாமல், ட வில் தொடங்காமல், பொருளுள்ள தமிழ்ப் பெயராக வையுங்கள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எதுவும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. இலக்கணம் தெரியாமல் பெயர் வைக்கிறார்கள்.

இணுவிலான்
எல்லோருக்கும் நன்றி. மகள். உத்திரட்டாதி. இன்னும் பதியவில்லை, வைத்தியசாலையில் தந்த படிவம் கையில் இருக்கிறது. வேறு யாரும் முந்திவிடுவார்கள் என்றுதான் பெயரைப் போடவில்லை. சரி, சொல்கிறேன்: ஞாழல். ஞ எழுத்தில் வை என்று ஐயர் சொன்னார். மனுசி தமிழ் படித்தவ, அவதான் கண்டெடுத்தா. மாமி கேட்ட முதல் கேள்வி, “என்ன, நாழலா? நிழலா?” அதோடுதான் சண்டை தொடங்கியது.

செந்தமிழ்ச்சுடர்
ஞாழல்! அருமை. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து மரம். புன்னையும் ஞாழலும் கரை மணலில் சேர்ந்தே பூவுதிர்க்கும். பூ கடுகளவுதான். தாராளமாக வையுங்கள். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் 1913 இல் கரம்பனில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது பிறகு அவராகவே எடுத்துக்கொண்டது. உங்கள் மகளுக்கு அந்த வேலையைப் பிறந்த மாதத்திலேயே முடித்துவிட்டீர்கள்.

எண்கணிதன்
உத்திரட்டாதிக்குப் பஞ்சாங்கத்தில் சொல்லும் எழுத்துகளில் ஞ உண்டு, அது சரி. ஆனால் எங்கட ஊர் வழக்கப்படி ஞானம் என்பதற்கு ஜி, என் போடுவதுபோல ஜி, என், ஏ, எல், ஏ, எல் என்று எழுதினால் கூட்டுத்தொகை 16. 16 வேண்டாம். ஜியை எடுத்துவிட்டு என், வை என்று தொடங்குங்கள். 14 வரும், கூட்டினால் 5. மிகவும் நல்லது.

யாழிசை 92
அண்ணா, என் பெயரே இங்கே போட்டிருப்பதுதான். தொண்ணூறுகளில் தனித்தமிழ்ப் பெயர் வைக்கும் அலை வந்தபோது அப்பா வைத்தது. உங்களுக்கு உதவும் என்பதால் நீட்டி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒருவரும் என்னைக் கேலி செய்யவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு பெடியன் ‘யாழ் ஐஸ்’ என்று கூப்பிட்டான், இரண்டு வாரத்தில் அவனே மறந்துவிட்டான். சிக்கல் வந்தது ழகரத்தால். ஓ.எல். பரீட்சைப் பெறுபேற்றில் என் பெயர் ‘எல்’ போட்டு வந்தது. அடையாள அட்டையில் ‘இசட் எச்’. பாஸ்போட் எடுக்கும்போது யாரோ நிரப்பிக் கொடுத்த படிவத்தில் ‘எல்’. முதல் வேலை கிடைத்து வங்கிக் கணக்குத் திறக்கப் போனேன். அங்கிருந்த அக்கா இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனை மூடியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு வந்தா. நாலாவது எழுத்தில் நின்றுவிட்டா. “இது நீங்கள்தானா தங்கச்சி?” என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்து இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கடதாசியின் பிரதி இன்றும் என் கைப்பையில் இருக்கிறது.

பெயரை மாற்ற ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு என் பெயர் உயிர். அப்பா அன்றைக்கே மூன்று மொழியிலும் எழுதி ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தால் போதும், இவ்வளவும் நடந்திராது.

பழைய கந்தோர்க்காரன்
தங்கச்சி சொன்னதுதான் விஷயம். நான் பிரதேச செயலகத்தில் இருந்தவன், இப்போது ஓய்வு. இணுவிலான், கவனமாகக் கேளுங்கோ.

31 க்கும் பதிவுக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் வெள்ளிக்கிழமை பெயர் வையுங்கள். பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. அதற்குள் மனம் ஒத்துவராவிட்டால் பெயர் இடாமலே பிறப்பைப் பதிந்து, பிறகு சேர்க்கவும் வழி உண்டு. ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவதென்றால் மேலதிக மாவட்டப் பதிவாளருக்கு விண்ணப்பம், ஆதாரம், அலைச்சல்.

அடுத்தது, பெயரை வாயால் சொல்லாதீர்கள். எங்கட ஆட்கள் வாழைப்பழத்தையே வாளைப்பழம் என்று சொல்லிப் பழகியவர்கள். நீங்கள் ‘ஞாழல்’ என்று சொன்னாலும் எழுதுபவர் காதில் ‘ஞாளல்’ என்று விழும், அப்படியே புத்தகத்தில் ஏறும். வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி நீட்டுங்கள். எழுதி முடிந்ததும் கையெழுத்து வைக்க முதல் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பிறகு கண்டுபிடித்தால் திருத்தம் கேட்டு அலைய வேண்டும்.

சிங்களத்தில் ழ இல்லை, ல அல்லது ள போடுவார்கள். எது போட வேண்டும் என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். 15 வயதில் பள்ளிக்கூட அதிபர் ஊடாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தேவைப்படும்.

எண்கணிதனுக்கும் ஒன்று. கூட்டுத்தொகைக்காக ஒரு ஏயைக் கூட்டி, ஒரு எச்சைச் செருகி எழுதிய பெயர்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். சான்றிதழில் ஒரு மாதிரி, பாடசாலையில் ஒரு மாதிரி. அந்தப் பிள்ளைகள் இருபது வயதில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

எண்கணிதன்
நான் முதல் நாளே ஒரே மாதிரி எழுதச் சொல்கிறேன் ஐயா, இடையில் மாற்றச் சொல்லவில்லை. மாற்றுவது பெற்றோரின் பிழை.

ரீச்சர் (ஆரம்பப் பிரிவு)
ஆண்டு ஒன்றில் படிப்பிக்கிறேன். அரிய பெயருக்கு இவ்வளவு பயப்படுகிறீர்கள், பொதுவான பெயரின் கஷ்டத்தை ஒருவரும் சொல்லவில்லை. என் இடாப்பில் ஜதுசன், ஜதுர்சன், யதுசன் மூவரும் அடுத்தடுத்த வரியில். ஒருவனைக் கூப்பிட்டால் மூவரும் எழும்புகிறார்கள். ஒருவனின் மாத்திரையை அம்மா தந்துவிட்டால் பெட்டியில் படம் கீறி வைக்கிறேன், மாறிக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில். ஞாழல் என்று ஒரு பிள்ளை வந்தால் முதல் நாளே எனக்கு நினைவில் நின்றுவிடும்.

செந்தமிழ்ச்சுடர்
நான் சொன்னது இதைத்தான். ஜதுசனாம், ஜதுர்சனாம், பொருளே இல்லாத ஓசைகள். எந்த அகராதியிலும் இல்லை.

ஜதுவின் அம்மா
ஐயா, என் மகன் பெயரும் அந்த வரிசைதான். முதல் இரண்டு எழுத்து என் தம்பியின் பெயரிலிருந்து. அவன் 2009 இல் இல்லாமல் போனவன். மிச்சம் என் கணவரின் பெயர். அகராதியில் தேடினால் கிடைக்காதுதான்.

செந்தமிழ்ச்சுடர்
மன்னித்துக்கொள்ளுங்கள் பிள்ளை. யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

பாரிஸ் லாசப்பல்
வெளிநாட்டுப் பக்கத்தையும் சொல்கிறேன். பிரெஞ்சில் சொல்லின் நடுவில் ஜி, என் சேர்ந்து வந்தால் ஒலி ஞ தான், ஷாம்பெய்ன் என்ற சொல்லை அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். அதனால் எங்கட பழைய ‘ஞானம்’ எழுத்துமுறை இங்கே அவ்வளவு மோசமில்லை. ஜேர்மனியில் இருக்கும் என் அக்காவின் மகன் ஜெயந்தன்தான் பாவம். அங்கே அந்த எழுத்தை ய என்றே வாசிப்பார்கள், வகுப்பில் அவன் யெயந்தன்.

இங்கே 1993 முதல் பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கலாம். பிள்ளைக்குப் பாதகம் என்று பதிவாளர் நினைத்தால் வழக்குத்தொடுநருக்கு அறிவிப்பார். 2014 இல் நுட்டெல்லா என்று வைத்த ஒரு பிள்ளைக்கு நீதிமன்றம் எல்லா என்று மாற்றியது. ஃப்ரேஸ், அதாவது ஸ்ட்ரோபெரி, அதையும் விடவில்லை, பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று. பழத்தின் பெயருக்கே அப்படி என்றால் பூவுக்கும் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, எங்கட முறையில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. இங்கே பின்னுக்கு உள்ளதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இருபது வருடமாக வேலையிடத்தில் அப்பாவின் பெயர்தான். அப்பா ஊரில் செத்துப்போனார், இங்கே தினமும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

கொக்குவில் ராணி
பூ என்றால் ஏன் யோசிக்க வேண்டும்? செவ்வந்தி, மல்லிகா, தாமரை எல்லாம் எங்கட வகுப்பில் இருந்தவர்கள்தானே. நாவற்குழி, மருதங்கேணி, புளியங்கூடல் என்று ஊருக்கே மரத்தின் பெயரை வைத்தவர்கள் நாங்கள்.

வட்டுக்கோட்டை விவசாயி
அது சரி, ஞாழல் என்பது எந்த மரம்? யாருக்காவது நேரில் தெரியுமா? பொன்னாவிரை என்று படித்த நினைவு. பொன்னாவிரை மரமில்லை, வேலியோரம் இடுப்பளவு வளரும் செடி.

செந்தமிழ்ச்சுடர்
புலிநகக் கொன்றை. பழைய உரைகாரர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வட்டுக்கோட்டை விவசாயி
உரைகாரர் சொன்னது சரி, அந்தப் புலிநகக் கொன்றை எது? கடுகளவு பூ என்று நீங்களே மேலே எழுதினீர்கள். கொன்றைப் பூ எதுவும் கடுகளவு இல்லை.

செந்தமிழ்ச்சுடர்
உவமை மொட்டுக்காக இருக்கலாம். மஞ்சள் நிறத்துக்காகவும் இருக்கலாம்.

வட்டுக்கோட்டை விவசாயி
பாட்டில் ஞாழல் பூவுக்கு உவமையாகச் சொல்லும் ஐயவி வெண்கடுகு என்கிறார்கள். அப்படியென்றால் நிறம் பொருந்தாது, அளவுதான். கடற்கரை மணலில் நிற்கும் மரம் என்றால் எங்கட பக்கத்தில் ஒன்றாவது மிஞ்சியிருக்க வேண்டும். காரைநகர்ப் பக்கம் போனால் புன்னை காட்டலாம். ஞாழலை யார் காட்டுவது?

பழைய கந்தோர்க்காரன்
மரத்தைப் பிறகு தேடுங்கோ. இணுவிலான், தாளில் எழுதினீர்களா?

கொக்குவில் ராணி
ஆளைக் காணவில்லை. இன்றைக்கு 31 அல்லவா, வீட்டில் சனமாக இருக்கும்.

இணுவிலான்
மன்னிக்கவும், துடக்குக் கழிவோடு நேரமே கிடைக்கவில்லை. பிறகு பதிவும் முடிந்துவிட்டது. ஞாழல்தான். கந்தோர்க்கார ஐயா சொன்னபடி தாளில் எழுதிக்கொண்டு போனேன். அப்படியிருந்தும் முதலில் ள போட்டுவிட்டார்கள், கையெழுத்து வைக்க முதல் கண்டுபிடித்துச் சொன்னேன், அந்த இடத்திலேயே திருத்தித் தந்தார்கள். ஆங்கிலத்தில் ஜி, என், ஏ, எல், ஏ, எல். எண்கணிதன் அண்ணா கோபிக்கக்கூடாது. சிங்களத்தில் ள. மூன்றையும் கொப்பியில் எழுதி ஒட்டியாயிற்று, யாழிசை தங்கச்சிக்குப் பெரிய நன்றி. மாமி நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்று காலை பிள்ளைக்கு எண்ணெய் பூசும்போது “ஞாளு, ஞாளு” என்று கூப்பிடுகிறா. பிள்ளை அழுகிறது, போய்விட்டு வருகிறேன்.

வட்டுக்கோட்டை விவசாயி
சந்தோசம் தம்பி. உங்கள் மனைவிக்கு அந்த மரம் எதென்று தெரியுமா? கேட்டுச் சொல்லுங்கோ, கன்று கிடைத்தால் ஒன்று எனக்கும் வேணும்.