மறு: 'ரூட்' அணுகலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

போனில் எதையும் மாற்றவும் அழிக்கவும் முடிகிற முழு அதிகாரமான 'ரூட்' அணுகலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். 'நிர்வாகி அணுகல்', 'மூல அணுகல்', 'சிறையுடைப்பு', 'கொத்துச்சாவி' என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ரூட் என்று பேச்சில் சொல்லும்போது நாம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்பது என் எண்ணம். அதைப் பிரிக்காத வரை எந்தச் சொல்லும் பொருந்தாது.

முதலில் வந்த சொற்களைப் பார்ப்போம். நிர்வாகி என்றால் உடையவர் வேறு ஒருவர், அவர் சார்பில் பார்த்துக்கொள்பவர் இவர் என்றுதான் பொருள் வரும். காசு கொடுத்துப் போன் வாங்கியவரை நிர்வாகி ஆக்குவது சரியில்லை. தவிர, அலுவலகங்கள் ஊழியர்களின் போனைக் கட்டுப்படுத்த 'சாதன நிர்வாகி' என்று ஆண்ட்ராய்டிலேயே ஒரு வசதி இருக்கிறது. அதன் அதிகாரம் ரூட்டுக்கு மிகக் கீழே.

'மூலம்' ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. மூலநிரல், திறமூலம் என்று எழுதிப் பழகிவிட்டோம். 'மூல அணுகல்' என்றால் நிரலைப் படிக்கக் கிடைப்பதாக நினைப்பார்கள். பொது வாசகருக்கு மூலம் என்றதும் அந்த நோய்தான் நினைவுக்கு வரும், அதையும் ஒதுக்க முடியாது.

'சிறையுடைப்பு' (ஜெயில்பிரேக்) ஐபோனின் கட்டுப்பாடுகளை நீக்குபவர்கள் வழியாக வந்தது. சிறையை உடைப்பவர் கைதி. தன் போனைத் தானே திறப்பவர் என்ன குற்றம் செய்தார்? அமெரிக்காவில் 2010 ஜூலையிலேயே, மின்னணுப் பூட்டை உடைக்கக் கூடாது என்ற பதிப்புரிமைச் சட்டத் தடையிலிருந்து, விலக்குகளை முடிவு செய்யும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இத்தகைய போன் திறப்புக்கு விலக்கு அளித்துவிட்டது. 'கட்டுடைப்பு' என்று மாற்றலாம் என்றால், அதை இலக்கிய விமர்சகர்கள் 'டீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பதற்கு எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

கொத்துச்சாவி எனக்கு மிகவும் பிடித்தது. என் பாட்டி இடுப்பில் செருகியிருப்பார். நெல் பத்தாயம், இரும்புப் பெட்டி, கொல்லைக் கதவு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஈழத்தில் சாவியைத் திறப்பு என்பார்கள், அங்கே இந்தச் சொல் தங்காது. வினையாக்கவும் வராது. 'கொத்துச்சாவி செய்யப்பட்ட போன்' என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு பின்பற்றும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு; எண் 0 யாரோ அவர்தான் ரூட். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் 10000-இல் தொடங்கித் தனித்தனி எண் கொடுக்கிறது. ஒரு செயலியின் கோப்பை இன்னொன்று தொடமுடியாமல் இருப்பது இந்தச் சுவரால்தான். 0-க்குச் சுவர் கிடையாது. போனின் சொந்தக்காரரான நமக்கு அந்த எண்ணைத் தருவதில்லை. தர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வேண்டவே வேண்டாம் என்று தமிழர்களான நாம் சொல்லிவிட முடியாது. ஆண்ட்ராய்டு 2.2, 2.3 காலத்தில் பல போன்களில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஓபெரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படங்களாக வரவழைத்துப் படித்தது பலருக்கும் நினைவிருக்கும். நான் ரூட் செய்து, போனின் இயங்குதளக் கோப்புகள் இருக்கும் அடைவில் தமிழ் எழுத்துருவைக் கொண்டுபோய் வைத்தேன். கட்டங்கள் போயின. ஆனால் கொம்பு இடம் மாறி நின்றது: 'பெயர்' என்று எழுதினால் முதலில் ப, அப்புறம் கொம்பு, அப்புறம் யர். அப்படியும் படித்தோம். அன்று அந்த அதிகாரம் இல்லாவிட்டால், யாராவது மனம் வைக்கும்வரை காத்திருந்திருப்போம்.

போன வருடம் அம்மாவின் போனில் நடந்தது வேறு கதை. விளையாட்டும் கடையுமாக, நீக்கவே முடியாத செயலிகளோடு வந்த போன். நடுராத்திரியில் அறிவிப்பு வரும். பூட்லோடரை, அதாவது போனைப் போட்டதும் இயங்குதளத்தை ஏற்றும் நிரலின் பூட்டை, திறந்து ரூட் செய்தேன். திறக்கும்போதே போனில் இருந்ததெல்லாம் அழிந்தது. அப்புறம் ஒவ்வொரு முறை போனைப் போடும்போதும் எச்சரிக்கைத் திரை. வங்கிச் செயலி 'இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று மூடிக்கொண்டது. பால்காரருக்குப் பணம் அனுப்ப முடியாமல் ஒரு வாரம் அம்மா தவித்தார். எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். பிறகு கணினியில் கேபிளைச் செருகி, ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாகச் செயலிக்கு ஒரு கட்டளை என்று கொடுத்ததும் அவையெல்லாம் அம்மாவின் கணக்கிலிருந்து போய்விட்டன. அதற்கு ரூட்டே தேவைப்படவில்லை.

ரூட்டின் ஆபத்தும் பொய்யில்லை. 2011-இல் ட்ராய்ட்ட்ரீம் என்ற தீநிரல், சொந்தக்காரரைக் கேட்காமலே ஓட்டை வழியாக இதே அதிகாரத்தைப் பிடித்தது. ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட, பாதுகாப்புக்குப் பெயர்போன மாற்று இயங்குதளமான கிராஃபீன்ஓஎஸ் கூட ரூட் தருவதில்லை. ஆனால் பூட்லோடரைத் திறந்து, தங்கள் இயங்குதளத்தைப் போட்டு, திரும்பப் பூட்டவும் முடிகிற போன் இல்லாமல் கிராஃபீன்ஓஎஸ்ஸே இல்லை. லினேஜ்ஓஎஸ் என்ற இன்னொரு மாற்று இயங்குதளத்தைப் போடவும் பூட்லோடர் திறந்தாக வேண்டும். நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்திய பிறகும் ஒரு போன் உயிரோடு இருக்க வேண்டுமானால் அந்தப் பூட்டு திறக்க வேண்டும்.

ஆக, எந்த இயங்குதளம் ஓட வேண்டும் என்ற முடிவு சொந்தக்காரருடையது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 0-ஐ அன்றாடம் கையில் வைத்திருப்பது தனி விஷயம். கொத்துச்சாவி வீட்டுக்காரரிடம்தான் இருக்க வேண்டும், அதை இடுப்பில் செருகிக்கொண்டு தேர்க்கூட்டத்துக்குள் போக வேண்டியதில்லை. பல வருடமாகப் புதுப்பிக்காத போனில் தடையில்லாமல் ஓடும் வங்கிச் செயலி, பூட்டைத் திறந்து நேற்றைய திருத்தம்வரை போட்டுவைத்த போனில் ஓட மறுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அதனால் இரண்டு சொற்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, வேரதிகாரம். 'வேர் அடைவு' என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அந்தக் குடும்பத்தோடு சேரும். அணுகல் என்றால் படிப்பது மட்டும் என்றும் தோன்றலாம். இதுவோ மாற்றவும் அழிக்கவும் வல்லது, எனவே அதிகாரம். 'வேரதிகாரம் பெற்ற போன்' என்றும், நீக்கும்போது 'வேரதிகாரத்தை நீக்கு' என்றும் எழுதலாம். 'வேரறு' வேண்டாம், அது அடியோடு அழிப்பது.

இன்னொன்று, திறவுரிமை. பூட்லோடரைத் திறந்து தனக்கு வேண்டிய இயங்குதளத்தைப் போடும் உரிமை.

திரையில் எப்படி இருக்கும் என்று இரண்டு சரங்களை, அதாவது திரை வாசகங்களை, எழுதிப் பார்த்தேன்:

"இந்தச் செயலி வேரதிகாரம் கேட்கிறது. தரலாமா?"

"இந்தப் போனுக்குத் திறவுரிமை உண்டு. பூட்டைத் திறந்தால் உள்ளிருக்கும் தரவு முழுவதும் அழியும்."

முதல் சரத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "வேர் வரைக்கும் போகுமா? அப்ப வேண்டாம்னு சொல்லிடு" என்றார். இரண்டாவதில்தான் எனக்குத் தயக்கம். திறப்பு என்றாலே சாவி என்று பழகிய ஈழத்து நண்பர்களின் காதுக்குத் 'திறவுரிமை' எப்படி ஒலிக்கிறது? உங்கள் பதிலைப் பார்த்துவிட்டே சரங்களை ஏற்றுகிறேன்.