புதுப்பிப்பு: பூனை வந்தாச்சு, பெயின்ட் வேலை பாக்கி

வீட்டில் வேலை நடக்கும்போதே புதுப் பூனையைக் கூட்டி வரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இடிப்பதும் துளை போடுவதும் முடியட்டும் என்று பலர் சொன்னபடியே காத்திருந்தோம். இப்போது வந்துவிட்டாள். பாக்கி கூடத்துப் பெயின்ட் மட்டும்தான்.

கோடி அறையை அவளுக்கே விட்டாச்சு: ஒரு மூலையில் மணல் ட்ரே, எதிர் மூலையில் சாப்பாடு, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. பகலெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. ராத்திரி கிண்ணம் காலி, மணலில் குழி. எனக்கு அது போதும்.

பெயின்ட் வாடை போகும்வரை கூடத்துக்கு விடப் போவதில்லை. அப்புறம், சமையலறை அலமாரிக்குக் கீழே ஒரு சந்து இருக்கிறது. பூனைக்குத் தலை நுழைந்தால் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். அதைப் பூசி அடைக்கும் முன் பூனை எங்கே என்று கேட்கும்படி மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.