காணாமல் போன கியர்பாக்ஸ் எண்ணெய்

என் 1951 மாடல் பிக்கப்பில் கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு மாதமும் ஊற்றுவேன். அடுத்த மாதம் விரலை விட்டால் எட்டாது. ஆனால் வண்டி நிற்கும் தரையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. ஒரு நாள் பிரேக் மிதித்தபோது பின் இடது சக்கரம் மட்டும் பிடிக்கவில்லை. டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. அங்கே எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையமான ஆக்சில் சீலை மாற்றினேன். மூன்றே வாரத்தில் மறுபடி அதே கதை. அப்போதுதான் பின் ஆக்சில் நடுவே உள்ள கியர் பெட்டியான டிஃபரென்ஷியலின் மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றியது. திறந்ததுமே குபுகுபுவென்று கொட்டியது. கியர்பாக்ஸில் ஊற்றியதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது!

இந்த வகை வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியே தெரியாது, ஒரு தடித்த இரும்புக் குழாய்க்குள் சுற்றும். ஷெவர்லே அரை டன் பிக்கப்களில் 1954 வரை இந்த டார்க் டியூப்தான். 1955இல் திறந்த ஷாஃப்டுக்கு மாறினார்கள். கியர்பாக்ஸ் வாலில் இருக்கும் உருண்டைக்குள், ஷாஃப்ட் மடங்கிக் கொடுக்க உதவும் கிராஸ் ஜாயின்ட் கியர் எண்ணெயிலேயே நனைந்தபடி ஓடும். குழாயின் முன்வாயில் ஷாஃப்டை நடுவில் தாங்கும் ஒரு புஷ், அதையொட்டி ஒரு சீல். புஷ் தேய்ந்துவிட்டால் ஷாஃப்ட் நடுவில் நிற்காது, ஆடும். ஆடுகிற ஷாஃப்டை எந்தச் சீல் தாங்கும்? எண்ணெய் குழாய்க்குள்ளேயே பின்னால் இறங்கி, டிஃபரென்ஷியல் நிறைந்ததும் ஆக்சில் வழியாக பிரேக்குக்கு வந்துவிடும்.

புஷ் ஒரு சின்ன வளையம்தான். அதை எடுக்க பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கம்பி, ஸ்பிரிங் யூ போல்ட் எல்லாம் கழற்றி, பின் ஆக்சிலையே குழாயோடு பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் ஓடிவிட்டது. பழைய புஷ் அசையவே இல்லை. ஹேக்ஸா பிளேடைக் கையில் பிடித்து உள்பக்கமாக மெல்ல அறுத்து, உளியை வைத்து ஒரு தட்டு தட்டியதும் சுருண்டு வந்தது. கையில் வைத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் பழைய தடிப்பு அப்படியே, எதிர்ப்பக்கம் பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. புதியதை மரக்கட்டை வைத்து நேராகத் தட்டி இறக்கினேன். சீல் உதட்டில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், காய்ந்த சீல் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும்.

மறுமொழி 1

நம்முடையது திறந்த ஷாஃப்ட் வண்டி, ஆனால் பாடம் அதேதான் தம்பி. கியர்பாக்ஸ் பின் சீலை மூன்று முறை மாற்றினேன், மூன்றும் ஒழுகின. அப்புறம்தான் ஷாஃப்ட் முனையில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் யோக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது. புஷ்ஷை மாற்றாமல் சீலை மாற்றியது வீண் வேலை. புஷ்ஷில் எண்ணெய்த் துளை இருந்தால் அது உட்காரும் கூட்டில் உள்ள துளையோடு சரியாகப் பொருத்துங்கள். யோக்கில் சீல் ஓடும் இடத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே பள்ளம், புது சீலும் நிற்காது. இன்னொன்று, ஷாஃப்டை உருவும் முன் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி வையுங்கள். நான் தூக்காமல் உருவி, சட்டையெல்லாம் எண்ணெய்.

மறுமொழி 2

எனக்குக் கசிந்தது டிஃபரென்ஷியல் முன்னால், ஷாஃப்ட் சேரும் இடத்தில் உள்ள பினியன் சீல். நட்டைக் கழற்றும் முன் நட்டிலும் ஷாஃப்ட் முனையிலும் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் புள்ளி குத்தி, வெளியே தெரியும் மரைகளை எண்ணி வைத்தேன். உள்ளே நட்டை முறுக்க முறுக்க நசுங்கும் ஸ்லீவ் (குழல்) இருக்கிற வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினால் பேரிங் இறுகிவிடும். சீல் நன்றாகத்தான் உட்கார்ந்தது. ஆனாலும் ஒரு வாரத்தில் திரும்பக் கசிவு. நொந்து போய்க் கீழே படுத்துத் தேடினேன். ஆக்சில் மேலே இருக்கும் காற்றுத் துளையான பிரீதரில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. சூட்டில் உள்ளே சேரும் காற்றுக்கு வெளியேற வழி இல்லாமல், எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது. ஒரு கம்பியால் குத்திவிட்டேன், கசிவு நின்றது.