‘ஒன்லி’ எழுதி மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வரலாம்

ராயபுரம்காரன்

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுக்குப் போன சரக்கில் 14 அட்டைப்பெட்டிகள் குறைகின்றன என்று மின்னஞ்சல் வந்தது. சீல் எண், பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் டேலி ஷீட் இரண்டும் சரியாகவே இருந்தன. ஏற்றும்போது பக்கத்தில் நின்று எண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தத் தைரியத்தில், ‘நான்தான் பெட்டிகளைச் சரிபார்த்தேன்’ என்பதை ‘ஐ ஒன்லி செக்ட் தி கார்ட்டன்ஸ்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஒற்றை வரியில் பதில்: அப்படியானால் எண்ணியது யார்?

எனக்குப் புரியவே இல்லை. மேலாளர்தான் விளக்கினார். “சரிபார்த்ததோடு சரி, வேறெதற்கும் நான் பொறுப்பில்லை என்றல்லவா எழுதியிருக்கிறாய்?” நெஞ்சை நிமிர்த்தி எழுதிய வாக்கியம், கடல் தாண்டியதும் கையைக் கழுவுகிற வாக்கியமாகிவிட்டது.

தண்டையார்பேட்டை டீச்சர்

தம்பி, உங்களை மாட்டிவிட்டது ஆங்கிலம் இல்லை, நம்முடைய ‘தான்’. தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். ஏகாரத்துக்கு நன்னூல் 6 பொருள் சொல்கிறது. அதில் இரண்டு போதும். ‘அவருள் இவனே கள்வன்’ என்றால் கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்துக் காட்டுகிறோம், அது பிரிநிலை. ‘உண்டே மறுமை’ என்றால் சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறோம்; அது தேற்றம். இன்றைய தமிழில் ‘தான்’ இரண்டு வேலையையும் பார்க்கிறது. ‘ஒன்லி’யோ ‘ஒன்’ என்ற எண்ணுப்பெயரிலிருந்து பிறந்த சொல். பிரிப்பதுதான் அதன் பிழைப்பு. அதன் தலையில் தேற்றத்தையும் ஏற்றி, ‘வீடு இங்கேதான்’ என்பதை ‘ஹியர் ஒன்லி’ என்கிறோம்.

இன்னொன்று. ‘நான்தான் இட்லி தின்றேன்’, ‘நான் இட்லிதான் தின்றேன்’ என்று ‘தான்’ ஒட்டிய சொல்லைவிட்டு நகராது. ‘ஒன்லி’ பெரும்பாலும் வினைக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். எந்தச் சொல்லைச் சுட்டுகிறது என்பது படிப்பவர் பாடு. பேச்சில் குரலை அழுத்தித் தப்பிக்கலாம், மின்னஞ்சலில் முடியாது.

பெரம்பூர் பழைய ஆள்

ரயில் பெட்டித் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த இந்திக்காரர்களும் இதே ‘ஒன்லி’தான் போடுவார்கள். அவர்களுக்கு ‘ஹீ’, நமக்கு ‘தான்’. நாங்கள் ஒருவருக்கொருவர் ஒருநாளும் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. வெளியூர்க்காரர் நுழைந்தால்தான் வம்பு.

எம்.சி. ரோடு

என் அப்பாவுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளி வியாபாரம். காசோலையில் ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்று எழுதி, மிச்ச இடத்தில் கோடு இழுக்காமல் பேனாவை மூடமாட்டார். பின்னால் யாரும் இன்னொரு சொல்லைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. ஆங்கிலக் காசோலையில் ‘ஒன்லி’ செய்வதும் அதே காவல் வேலை. ஆனால் அத்தை மகள் கல்யாணத்துக்கு மொய்யாகக் காசோலை எழுதியபோது மட்டும் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். நான் எடுத்துச் சொன்னதற்கு, “ஐயாயிரம்தான் கொடுத்தோம் என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமா?” என்று கேட்டார். கோட்டை மட்டும் இரண்டாக இழுத்தார்.

ராயபுரம்காரன்

டீச்சர், இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். ‘ஒன்லி’ வருகிற இடத்தில் ‘மட்டும்’ என்று போட்டுப் பார்ப்பேன். பொருள் நின்றால் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் அடித்துவிடுவேன். அன்றைக்கு ‘இட் வாஸ் ஐ ஹூ செக்ட்’ என்று மறுபடி எழுதி, டேலி ஷீட்டையும் இணைத்து அனுப்பினேன். 14 பெட்டிகளும் அவர்கள் கிடங்கிலேயே இருந்தன. அங்கேதான். ‘தேர் ஒன்லி’ என்று எழுதக் கை துறுதுறுத்தது.